வீட்டில் ஐஸ் டீ: கலங்காமல், கசக்காமல், சப்பென்று ஆகாமல்

வெயில் காலத்தில் முதல்முறை ஐஸ் டீ போடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பால் சேர்க்காமல் வழக்கம்போல ஒரு டீ போடுவார்கள். டம்ளர் நிறைய ஐஸ்கட்டிகளைப் போட்டு, ஆவி பறக்கும் டீயை அதன்மேல் ஊற்றி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்குவார்கள். கலக்கிக்கொண்டிருக்கும்போதே ஐஸ் காணாமல் போய்விடும், டீ வெளிறிவிடும், சர்க்கரை மட்டும் அடியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். குடித்தால் முக்கால் டம்ளர் வரை சப்பென்று இருக்கும். கடைசி வாய் திகட்டும்.

சாமானில் குறை ஒன்றும் இல்லை. அளவையும் வரிசையையும் மாற்றினால் போதும். டம்ளரில் விழுகிற ஐஸ் கொஞ்ச நேரத்தில் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரையும் முதலிலேயே கணக்கில் சேர்த்து டிகாஷனைக் கெட்டியாக இறக்க வேண்டும். சர்க்கரையைச் சூட்டிலேயே கரைத்துவிட வேண்டும். ஆறவிட்ட பிறகுதான் ஃப்ரிட்ஜ், அதற்கும் அப்புறம்தான் ஐஸ். இந்த வரிசை கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் அவரவர் நாக்குக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

என்னென்ன வேண்டும்

ஒரு லிட்டர் ஐஸ் டீக்கு, அதாவது சுமார் நான்கு டம்ளருக்கு, இந்த அளவு சரியாக வரும்:

தேயிலை 10 முதல் 12 கிராம். தலைதட்டிய டீஸ்பூனால் ஐந்தாறு அள்ளினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். டீ பேக் என்றால் 5 அல்லது 6, ஏனென்றால் ஒரு பையில் பொதுவாக 2 கிராம் தூள் இருக்கும்.
தண்ணீர் 1 லிட்டர். பாதி கொதிக்கவைக்க, பாதி பிறகு கலக்க.
சர்க்கரை 60 முதல் 80 கிராம், அதாவது ஐந்தாறு டேபிள்ஸ்பூன்.
எலுமிச்சம்பழம் ஒன்று, ஐஸ்கட்டிகள். புதினா இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தேயிலையைப் பற்றி ஒரு வார்த்தை. பால் டீக்கு வாங்கும் டஸ்ட் தூள் மிகப் பொடியானது. சீக்கிரம் நிறம் விடும், கூடவே துவர்ப்பையும் விடும். பால் அந்தத் துவர்ப்பை அடக்கிவிடுவதால் பால் டீயில் அது தெரிவதில்லை. ஐஸ் டீயில் அடக்க ஆள் இல்லை. தவிர, பொடித்தூள் வடிகட்டியில் நழுவி ஜக்கின் அடியில் படியும். அதனால் சுருள் சுருளாக இருக்கும் இலைத் தேயிலை கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் டஸ்ட் மட்டும்தான் இருக்கிறதா? சரி, 8 கிராமாகக் குறைத்து, ஊறும் நேரத்தையும் இரண்டு நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். நீலகிரித் தேயிலை குளிர்ந்த பிறகும் தெளிவாக நிற்கும் என்பதால் ஐஸ் டீக்கு அதற்குத் தனிப் பேர் உண்டு. அஸ்ஸாம் தேயிலையில் நிறமும் கனமும் அதிகம், கலங்குவதும் அதிகம்.

தண்ணீர் உப்பாகவோ கடினமாகவோ இருந்தால் டீயின் மேல் மெல்லிய ஆடை படியும், நிறம் மங்கும். வடிகட்டிய குடிநீர் போதும்.

டிகாஷன் இறக்குவது

அரை லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் தேயிலையைப் போட வேண்டும். போட்டதும் மூடி, 4 நிமிடம் அப்படியே விடுங்கள். இலை பெரிதாக இருந்தால் 5 நிமிடம். கிளறத் தேவையில்லை.

பால் டீ போட்டுப் பழகிய கை, தூளைப் போட்ட பிறகும் தீயை எரியவிடப் பார்க்கும். இங்கே அது ஆகாது. முதல் சில நிமிடங்களில் நிறமும் மணமும் காஃபீனும் இறங்கிவிடும். நேரம் போகப்போக டேனின் எனப்படும் துவர்ப்புச் சத்து அதிகமாக வெளியே வரும். கொதிக்கவிட்டால் இதெல்லாம் வேகமாக நடக்கும், மணம் ஆவியோடு போய்விடும். குளிர்ந்த டீயில் இந்தத் துவர்ப்பு சூடான டீயைவிட முரட்டுத்தனமாகத் தெரியும். டிகாஷன் இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் தேயிலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள்.

நான்காவது நிமிடத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். முறுக்கிக் கிடந்த இலைகள் விரிந்து பெரும்பாலும் அடிக்கு இறங்கியிருக்கும். பாத்திரத்தின் அடி தெரியாத அளவுக்கு அடர்ந்த செம்பழுப்பு நிறம் வந்திருக்கும். ஒரு ஸ்பூன் எடுத்து ஊதி நாக்கில் விட்டால், இதை அப்படியே குடிக்க முடியாது என்று தோன்ற வேண்டும். அதுதான் சரியான பதம், ஏனென்றால் இன்னும் அரை லிட்டர் தண்ணீர் வரப்போகிறது. இப்போதே குடிக்கிற பதத்தில் இருந்தால் கடைசியில் நிறம் போட்ட தண்ணீர்தான் மிஞ்சும்.

உடனே வடிகட்டுங்கள். வடிகட்டியில் தங்கும் சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழிய வேண்டாம், டீ பேக்கையும் பிழிய வேண்டாம். அப்படிப் பிழிந்து எடுக்கும் இரண்டு ஸ்பூன் டிகாஷனில் கசப்பும் வண்டலும்தான் அதிகம். வடிகட்டுவது எவர்சில்வர் பாத்திரத்திலாக இருக்கட்டும். சாதாரணக் கண்ணாடி ஜக்கில் கொதிக்கும் டிகாஷனை ஊற்றினால் விரிசல் விடலாம். கண்ணாடிக்கு மாற்றுவதை ஆறிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் சிலர் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்ப்பார்கள். இனிப்பு ஐஸ் டீயை அன்றாட பானமாக வைத்திருக்கும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் இது பழைய பழக்கம். துவர்ப்பு தணியும், நிறமும் ஆழமாகும். ஆனால் உண்மையிலேயே சிட்டிகைதான். விரல் நுனியில் ஒட்டுவது போதும். கொஞ்சம் கூடினாலும் சோப்புத் தண்ணீர் வாடை வந்துவிடும். நல்ல இலையை அளவாக ஊறவைத்தவர்களுக்கு இது தேவையே இல்லை என்பது என் கட்சி.

சர்க்கரை எப்போது, எவ்வளவு

வடிகட்டிய கையோடு, சூடு ஆறுவதற்குள். அரை நிமிடக் கலக்கலில் மொத்தமும் கரைந்துவிடும்.

குளிர்ந்த தண்ணீரில் சர்க்கரை கரையாது என்று ஒரு பேச்சு உண்டு. அது முழு உண்மை இல்லை. 20 டிகிரி செல்சியஸில்கூட 100 கிராம் தண்ணீர் சுமார் 200 கிராம் சர்க்கரையைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். இடம் இருக்கிறது, வேகம்தான் இல்லை. ஐஸ் மிதக்கும் டம்ளரில் அந்தச் சர்க்கரை கரைந்து முடிப்பதற்குள் நீங்கள் டீயைக் குடித்து முடித்திருப்பீர்கள்.

இனிப்பைச் சரிபார்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. குளிர்ச்சி, நாக்குக்கு இனிப்பை மட்டுப்படுத்திக் காட்டும். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுகிற அளவுக்கு இனிப்பதும் இதனால்தான். உறைந்திருந்தபோதும் அதில் அதே சர்க்கரைதான் இருந்தது. ஆகவே சூடாக ருசி பார்க்கும்போது 'ஒரு பிடி கூடிப்போச்சே' என்று தோன்றினால் குளிர்ந்த பிறகு சரியாக இருக்கும். தண்ணீர் கலப்பதற்கு முன் ருசி பார்த்தால் இனிப்பு இரட்டிப்பாகத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். கரைப்பது முன்னால், ருசி பார்ப்பது தண்ணீர் கலந்த பிறகு.

லிட்டருக்கு 60 கிராம் போட்டால் 250 மில்லி டம்ளரில் 15 கிராம் சர்க்கரை இருக்கும். 80 கிராம் போட்டால் 20 கிராம். தனியாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். வெயில் நாளில் தாகத்துக்கு இதையே மூன்று டம்ளர் குடிப்பது எளிது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். தாகத்துக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, ருசிக்கு ஐஸ் டீ வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை 60 கிராமில் ஆரம்பியுங்கள். கூட்டுவது எளிது, குறைக்கத்தான் வழியில்லை.

தேன் சேர்ப்பதானால் டிகாஷன் வெதுவெதுப்பாக ஆனதும் சேருங்கள். ஆனால் தேனின் மணம் டீயின் மணத்தை ஓரம்கட்டிவிடும். எனக்கு வெள்ளைச் சர்க்கரைதான் சரி.

ஆறவைப்பதும் கலங்கலும்

சர்க்கரை கரைந்ததும் மீதி அரை லிட்டர் தண்ணீரைச் சேருங்கள். ஃப்ரிட்ஜ் தண்ணீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும். மூடி வைத்து, பாத்திரம் கையில் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். அதற்காக மதியம் போட்டதை இரவுவரை வெளியே விட்டுவிடக் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும்.

சூடான கெட்டி டிகாஷனை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால், வெளியே எடுக்கும்போது தெளிந்த டீக்குப் பதிலாகப் பால் துளி விட்டதுபோல் மங்கலாக ஒன்று இருக்கும். டீ கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம். டீயிலுள்ள காஃபீனும் துவர்ப்புச் சத்துகளும் சூட்டில் தனித்தனியே கரைந்திருக்கும். குளிர்ந்ததும் ஒன்றோடொன்று பிணைந்து நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நிற்கும். டிகாஷன் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு கலங்கும். தண்ணீரில் கால்சியம் அதிகமென்றாலும் கலங்கும். குடிப்பதால் கெடுதி ஒன்றும் இல்லை, பார்வைக்குத்தான் குறை. விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டுமே என்றிருந்தால் அரை டம்ளர் கொதிநீரை ஊற்றிக் கலக்கிப் பாருங்கள். சூடு பட்டதும் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆறியதும் மீண்டும் குளிரவைக்கலாம். சற்று நீர்த்திருக்கும், அவ்வளவுதான்.

ஐஸின் கணக்கு

இது புதியவர்கள் யாரும் போட்டுப் பார்க்காத கணக்கு. ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி குளிர ஒரு கலோரி வெப்பம் வெளியேற வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு மட்டும் 80 கலோரி பிடிக்கும். 90 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் டிகாஷனை 5 டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு ஐஸ் உருகும் என்று பார்த்தால் ஏறக்குறைய 500 கிராம் வரும். டீ எவ்வளவோ அவ்வளவு ஐஸ்! அதே அரை லிட்டர் 30 டிகிரிக்கு ஆறியிருந்தால் சுமார் 150 கிராம் போதும். ஃப்ரிட்ஜில் இருந்து 10 டிகிரியில் எடுத்ததென்றால் 30 கிராம்தான் உருகும். மீதி ஐஸ் டம்ளரில் மிதந்துகொண்டே இருக்கும்.

சூடான டீயை ஐஸ்மேல் ஊற்றினால் ஏன் சப்பென்று ஆகிறது என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது. அவசரத்துக்கு வழியும் இதிலேயே இருக்கிறது. ஆறவைக்க நேரமில்லை, ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்றால், மேலே சொன்னபடி 12 கிராம் தேயிலையில் அரை லிட்டர் டிகாஷன் இறக்கி, சர்க்கரையைக் கரைத்து, மீதி அரை லிட்டர் தண்ணீருக்குப் பதிலாக அரை கிலோ ஐஸ் நிரம்பிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஐஸ் உருகி முடிக்கும்போது ஒரு லிட்டர் குளிர்ந்த டீ தயாராக இருக்கும், பதமும் மாறாது. டம்ளரில் போட மட்டும் தனியாகக் கொஞ்சம் ஐஸ் வேண்டும். இந்த முறைக்கு ஃப்ரீசரில் நிறைய ஐஸ் இருக்க வேண்டும் என்பதுதான் தொல்லை.

ஐஸ்கட்டி பெரிதாக இருந்தால் மெதுவாக உருகும். திறந்த ட்ரேயில் பல நாள் கிடந்த ஐஸில் ஃப்ரீசரில் உள்ள எல்லாவற்றின் வாடையும் ஏறியிருக்கும். டீ போன்ற மெல்லிய மணமுள்ள பானத்தில் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எலுமிச்சை, புதினா, மற்றவை

எலுமிச்சையைக் கடைசியில், டம்ளரில் பிழியுங்கள். பிழியும்போது கவனித்தால் தெரியும்: கரும்பழுப்பாக இருந்த டீ, சாறு விழுந்த இடத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, ஒரு கலக்கலில் பொன்னிறமாகிவிடும். தண்ணீர் கலந்ததால் அல்ல. டீயின் நிறமிகள் புளிப்பில் நிறம் மாறும் தன்மை கொண்டவை. துவர்ப்பும் அடங்கிவிடும். அழகுக்கு வட்டமாக நறுக்கிப் போடுவதென்றால் குடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் போடுங்கள். தோலோடு இரவு முழுக்க ஜக்கில் ஊறவிட்டால் தோலின் கசப்பு டீயில் இறங்கிவிடும். எலுமிச்சை சேர்த்த டீயில் பால் சேர்க்கக் கூடாது என்பது சொல்லாமலே தெரியும், திரிந்துவிடும்.

புதினாவை அரைக்க வேண்டாம். நாலைந்து இலைகளை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போட்டால் மணம் வந்துவிடும். இஞ்சி வேண்டுமென்றால் இரண்டு வில்லைகளைத் தேயிலையோடு கொதிநீரில் போட்டு ஊறவிடுங்கள். பழச்சாறு சேர்ப்பவர்கள் அதில் உள்ள இனிப்பைக் கணக்கிட்டுச் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

1879இல் அமெரிக்காவில் அச்சான, வர்ஜீனியா மாநிலச் சமையல் புத்தகம் ஒன்றில் உள்ள பழைய ஐஸ் டீக் குறிப்பு பச்சைத் தேயிலையில்தான் போடச் சொல்கிறது. சர்க்கரையையும் ஐஸையும் கோப்பையிலேயே போட்டு, கடைசியில் எலுமிச்சை பிழியச் சொல்கிறது. 1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில்தான் ஐஸ் டீ பிறந்தது என்று அடிக்கடி சொல்வார்கள். அங்கே அது பெரிய அளவில் பரவியது உண்மை. பிறந்தது அதற்கு முன்பே. பச்சைத் தேயிலையில் போட்டுப் பார்க்க ஆசையிருந்தால், கொதித்த தண்ணீரை 80 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, 2 அல்லது 3 நிமிடம் மட்டும் ஊறவையுங்கள். கொதிநீர் பட்டால் கசந்துவிடும்.

அடுப்பே இல்லாமல்

வெயிலில் அடுப்பு முன்னால் நிற்கப் பிடிக்காதவர்களுக்கு ஊறல் முறை இருக்கிறது. அதே 10 முதல் 12 கிராம் தேயிலையை ஒரு லிட்டர் குளிர்ந்த குடிநீரில் போட்டு, மூடி, ஃப்ரிட்ஜில் 8 முதல் 10 மணி நேரம் வையுங்கள். இரவில் வைத்துக் காலையில் வடிகட்டினால் சரியாக இருக்கும். குளிர்நீரில் துவர்ப்பும் காஃபீனும் குறைவாகவே இறங்கும் என்பதால் டீ மென்மையாக இருக்கும், கலங்கவும் செய்யாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொதப்பவே முடியாத முறை இது. அந்தக் 'கிக்' கொஞ்சம் குறைவு என்று பழைய டீப்பிரியர்கள் முகம் சுளிக்கலாம்.

இதற்குச் சர்க்கரையை நேராகப் போட முடியாது, பாகு வேண்டும். 100 கிராம் சர்க்கரையை 100 மில்லி தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, கரைந்ததும் இறக்கிவிடுங்கள். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். ஒரு டேபிள்ஸ்பூன் பாகில் சுமார் 9 கிராம் சர்க்கரை. ஒரே வீட்டில் ஒருவருக்கு இனிப்பு வேண்டும், இன்னொருவருக்கு வேண்டாம் என்றால் எந்த முறையில் டீ போட்டாலும் இந்தப் பாகுதான் கைகொடுக்கும்.

தேயிலையும் தண்ணீரும் போட்ட கண்ணாடி ஜாடியை வெயிலில் வைத்து எடுக்கும் 'சூரிய டீ'யை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பார்க்க அழகுதான். ஆனால் வெயில் சூடு தண்ணீரை வெதுவெதுப்பாக்குமே தவிர, தேயிலையிலும் ஜாடியிலும் இருக்கும் கிருமிகளைக் கொல்லும் அளவுக்கு ஏறாது. மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருப்பது அவை பெருகத் தோதான சூடு.

எத்தனை நாள் வைக்கலாம்

ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும். அதற்கு மேல் மணம் மங்கிவிடும். புளித்த வாடை வந்தாலோ, ஊற்றும்போது கொழகொழவென்று நூல் இழுத்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஜக்கையும் மூடியையும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும், முக்கியமாக மூடியின் ரப்பர் வளையத்தை. டீயில் காஃபீன் இருப்பதால், தூக்கம் வராமல் புரள்கிறவர்கள் மாலைக்கு மேல் குடிக்காமல் இருப்பது நல்லது.

மிச்சம் ஒரு டம்ளர் இருந்தால், எலுமிச்சை பிழிவதற்கு முன்பே எடுத்து ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை சாதா ஐஸுக்குப் பதிலாக இந்த டீக் கட்டிகளைப் போட்டால், உருகினாலும் டீயோடு டீதான் சேரும்.